சோற்றுத்தட்டு அகலம்

மேஸ்திரி அவளுக்கு வைத்த பெயர் ஊசி. வயது பதினொன்று. தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி கட்டி, மேலே கான்கிரீட் போட்டு, அது இறுகியதும் உள்ளே முட்டுக் கொடுத்த பலகைகளை யாராவது இறங்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தொட்டியின் வாயோ ஒரு சோற்றுத்தட்டு அகலம்தான். வீட்டுக்காரர் பிள்ளைகள் தவறி விழுந்துவிடக் கூடாதாம். பெரியவர்கள் நுழைய முடியாது, ஊசி நுழைவாள். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவள் அம்மாவுக்கு அங்கே சித்தாள் வேலையும் ஒரு தகர அறையும்.

உள்ளே கும்மிருட்டு. ஈரப் பலகை அழுகிய வாடையில் மூச்சு முட்டும். போன தடவை மயங்கி விழப் பார்த்தாள். அன்றைக்கே முடிவு கட்டினாள், குண்டாகிவிட வேண்டும். நுழையாவிட்டால் யார் என்ன செய்துவிட முடியும்?

அம்மா விட்டால்தானே. மகளுக்கு மட்டும் அரைத்தட்டுச் சோறு.

"போதும்டி. நீ பெருத்தா நாம தெருவுலதான் நிக்கணும்."

பெற்றவள்தான் இப்படிச் சொன்னாள்.

தம்பிக்கு எட்டு வயது, வாயில்லாப் பூச்சி. அம்மா வேலைக்குக் கிளம்பியதும் ஊசி அவன் தட்டை இழுத்துக்கொள்வாள்.

"அக்கா, பசிக்குது."

"சாயங்காலம் தரேன்டா, என் ராசா."

சாயங்காலமும் அவளே தின்றாள். மூன்று மாதத்தில் பாவாடை நாடா எட்டவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

அடுத்த தொட்டி வந்தது. ஊசி காலை விட்டாள். இடுப்போடு நின்றது. மேஸ்திரி தோளைப் பிடித்து அமுக்கினார். தோல் உரிந்ததே தவிர ஆள் இறங்கவில்லை. அழுதாள், பாதி நடிப்பு.

மேஸ்திரி கோபப்படவே இல்லை. படுபாவி, சிரித்தார்.

"ஊசி உலக்கை ஆயிடுச்சு. போகட்டும்."

மணல் குவியலில் உட்கார்ந்திருந்த தம்பியைத் தூக்கி நிறுத்தி, சாணால் தோளை அளந்தார்.

"இவன் அக்காவை விட ஒல்லியா இருக்கானே. சோறு போடுறியா இல்லையாம்மா?"

"இவனுக்கு முழுத்தட்டு போடுறேன் சாமி" என்ற அம்மா, சட்டென்று ஊசியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஊசி மேஸ்திரியின் காலைப் பிடித்தாள். "நானே இறங்குறேன். இன்னொரு தடவை அமுக்குங்க." இந்தத் தடவை நடிப்பில்லை. அவர் காலை உதறினார்.

தம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போனான். ஒரு பலகை வந்தது. இரண்டாவது வந்தது.

"அக்கா, தலை சுத்துது."

மூன்றாவது பலகை பாதி வரை வந்து, திரும்ப உள்ளே விழுந்தது. அதன் பிறகு சத்தமில்லை.

ஊசி காலை விட்டாள். கைகளை ஊன்றித் தன்னைத் தானே அமுக்கினாள். இடுப்போடு நின்றது.