அலுங்காமல் குலுங்காமல்

நான் பார்சல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். லாரியிலிருந்து இறக்குவது, அடுக்குவது, மறுபடியும் ஏற்றுவது, இதுதான் பிழைப்பு. ஆளுயர ஃப்ரிட்ஜைத் தனியாளாக மாடிக்கு ஏற்றியிருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு ‘கிரேன்’ என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவனுக்குப் பெற்ற மகளைக் கட்டிலிலிருந்து தூக்கத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளுக்குப் பிறவியிலேயே எலும்பில் பலம் கிடையாது. ஏழு வயதாகிறது, எடை பன்னிரண்டு கிலோதான். நடக்க முடியாது, எங்கே போவதென்றாலும் தூக்கித்தான் போக வேண்டும். பலமாகத் தும்மியே விலாவில் விரிசல் விட்டிருக்கிறது. போன வருடம் என் மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, சட்டை மாற்றிவிடுகிறேன் பேர்வழி என்று அவள் கையை லேசாகத்தான் இழுத்தாள். கை முறிந்துவிட்டது. அன்றிலிருந்து மச்சினி கட்டில் பக்கமே போவதில்லை. மகளும் அம்மாவைத் தவிர வேறு யாரையும் தொடவிடுவதில்லை. நான்? கைக்குழந்தையாக இருந்தபோது தூக்கியதோடு சரி. “உங்க முரட்டுக் கையை வெச்சுக்கிட்டுத் தள்ளி நில்லுங்க” என்று மனைவி சொல்லிவிட்டாள். நானும் தள்ளியே நின்றேன்.

இப்போது மனைவிக்கே வயிற்றில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும். “ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்கக் கூடாதும்மா” என்று டாக்டர் சொன்னதும் மனைவி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

எங்கள் தெருமுனையில் ஒரு ஜிம் இருக்கிறது. நடத்துகிறவள் என் தங்கையைவிடச் சின்னப் பெண். எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைக் கேட்காமலேயே மனைவி அவளிடம் போய் விஷயத்தைச் சொல்லி, என்னைச் சேர்த்துவிட்டு வந்து நின்றாள். எனக்கு வந்ததே கோபம்!

“காலம்பூரா தூக்கிட்டுக் கெடக்கறவனுக்குத் தூக்கக் கத்துக்குடுக்க ஒரு ஜிம்மா? மானம் போயிடும்டி.”

“போகட்டும். உங்களுக்குப் பலம் இல்லைன்னு யாரு சொன்னா? நிதானம்தான் இல்ல.”

முதல் நாள் மாஸ்டர் ஒரு நீளக் கம்பியின் இரண்டு பக்கமும் இரும்புத் தட்டுகளை மாட்டி, “தூக்குங்கண்ணா” என்றாள். இதென்ன பிரமாதம் என்று தூக்கினேன். தூக்கிவிட்டு, எப்படி என்கிற மாதிரி அவளைப் பார்த்தேன்.

“டங்குன்னு ஒரு சத்தம் வந்துச்சே, கேட்டீங்களா?” என்றாள்.

“இரும்புன்னா சத்தம் வராம பாட்டா வரும்?”

“இல்லண்ணா. தூக்கறதுக்கு முன்னாடி ஒரு உலுக்கு உலுக்கறீங்க.”

“யாரு, நானா? கிடையவே கிடையாது.”

மறுபடியும் தூக்கச் சொல்லி, அதைப் போனில் படம் பிடித்துக் காட்டினாள். அட, ஆமாம்! கம்பியைப் பிடித்ததும் என் கை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுக்கிறது. அதற்கப்புறம்தான் தூக்குகிறது. எங்கள் தொழிலில் அப்படித்தான் செய்வோம். மூட்டை தரையில் ஒட்டியிருக்கிறதா, உள்ளே சரக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு உலுக்கில் தெரிந்துவிடும். அதன் பிறகு ஒரே தம். இத்தனை வருடத்தில் கைக்கு அது பழகிப்போய், என்னைக் கேட்காமல் தானாகவே செய்கிறது. அதை நினைத்தபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது. தெரிந்து செய்கிற தப்பை நிறுத்திவிடலாம். தெரியாமல் கை செய்வதை எப்படி நிறுத்துவது? அந்த உலுக்கு என் பிள்ளையின் முதுகில் விழுந்தால் என்ன ஆகும்?

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நேரே ஜிம்தான். “கம்பியைப் பிடிங்க. தூக்காதீங்க, அவசரப்படாதீங்க. கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கைக்கு வாங்குங்க. இன்னும் வாங்குங்க. தரையை விட்டுக் கெளம்பறது கம்பிக்கே தெரியக் கூடாது” என்பாள் மாஸ்டர். ஒவ்வொரு தடவையும் கீழே வைத்து, கையை எடுத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வைத்த சூட்டோடு அடுத்ததைத் தூக்கினால் திட்டு விழும். எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். ஒரு வழியாகச் சத்தம் நின்றது. தட்டுகள் மூச்சுவிடாமல் மேலே வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய், “நான் ரெடி” என்று பீற்றிக்கொண்டேன்.

மனைவி லேசில் நம்புகிறவள் இல்லை. ஒரு பெரிய தலையணை உறைக்குள் துணியையும் பழைய புத்தகங்களையும் அடைத்து மகளின் எடைக்குக் கொண்டுவந்தாள். அதன்மேல் ஒரு தட்டு. தட்டில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர்.

“எங்க, தூக்குங்க பார்ப்போம்.”

தூக்கினேன். தூக்கினேன் என்ன, அது பறந்தது. தம்ளர் குப்புற விழுந்து, தண்ணீர் அத்தனையும் மனைவியின் முகத்தில். வேறு நாளாக இருந்தால் வீடே சிரித்திருக்கும். கட்டிலில் இருந்தபடி மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் மாஸ்டரிடம் சண்டைக்கே போனேன். “என்ன கத்துக்குடுத்தே நீ? எல்லாம் வெட்டி வேலை!”

அவள் முழுவதையும் கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். “தப்பு என்மேலதாண்ணா. நான் கனமாவே குடுத்துட்டேன். கனம்தான் உங்களை மெதுவாக்கியிருக்கு. நீங்க மெதுவாகல.”

தட்டுகளையெல்லாம் கழற்றினாள். கம்பியையும் எடுத்துவிட்டாள். ஒரு மரப்பெட்டியில் பன்னிரண்டு கிலோவுக்கு மணலைக் கொட்டி, மேலே தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துத் தூக்கச் சொன்னாள். சத்தியமாகச் சொல்கிறேன், ஃப்ரிட்ஜை மாடிக்கு ஏற்றியது இதற்குப் பக்கத்தில்கூட வராது. கனமான பொருள் நம்மைப் பிடித்து வைக்கும். லேசான பொருளுக்கு நாமேதான் நம்மைப் பிடித்து வைக்க வேண்டும். தொடை நடுங்கும், பிடரி வலிக்கும். கிடங்கு ஆட்கள் எப்படியோ மோப்பம் பிடித்து வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். “கிரேனுக்கு என்னாச்சு? சொப்புச் சாமான் வெச்சு விளையாடுது!” என்று ஒரே கும்மாளம். பழைய நானாக இருந்தால் வெளியே போய் நாலு சாத்து சாத்தியிருப்பேன். கிண்ணம் கையில் இருந்ததால் தப்பித்தார்கள்.

ஒரு நாள் சிந்தாது. அப்பாடா என்று இருக்கும். மறுநாள் சிந்திவிடும். அந்தப் பாழாய்ப்போன உலுக்கு எங்கேயோ ஒளிந்திருந்து எட்டிப் பார்க்கும். ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் தேறிவிடலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்.

நாள் இல்லை. ஒரு காலையில் மனைவிக்கு இரத்தப்போக்கு நிற்கவேயில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. மச்சினி கூடப் போனாள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மனைவி, “அவ எழுந்தா பாத்ரூம் போகணும்ங்க” என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

மகள் விழித்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை.

“அம்மா எப்ப வருவாங்க?”

“நாலஞ்சு நாள் ஆகும்டா பட்டு.”

அவள் சுவரைப் பார்த்தபடி யோசித்தாள். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். பால் காய்ச்சிக் கொண்டுவந்தேன், வேண்டாம். பாத்ரூம்? வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மச்சினி போன் செய்து, ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். எனக்கு அங்கே ஒரு கால், இங்கே ஒரு கால். மத்தியானம் ஆகிவிட்டது. வெயிலில் வீடு தகித்தது. பிள்ளையின் உதடு காய்ந்து வெள்ளையாகிவிட்டது. மறுபடியும் தம்ளரை நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏன் இப்படி அடம் பிடிச்சு உயிரை வாங்கற? ஒரு வாய் குடிச்சாதான் என்ன?”

“குடிச்சா பாத்ரூம் வரும்ப்பா” என்றாள்.

பளாரென்று யாரோ அறைந்த மாதிரி இருந்தது. காலையிலிருந்து இதுதானா? நாலைந்து நாளும் இப்படியே ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாளா? படுக்கையிலேயே பேசின் வைக்கலாம் என்றால் அதற்கும் இடுப்பைத் தூக்கித்தான் ஆக வேண்டும். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். முகம் வியர்த்திருந்தது.

“அப்பா, முடியலப்பா. வருது.”

எழுந்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன். அவள் கண்ணை இறுக்கி மூடி, உதட்டை உள்ளுக்குள் மடித்துக் கடித்துக்கொண்டாள். விரல்களை நன்றாக விரித்து, மெத்தையை அமுக்கியபடியே ஒரு கையை அவள் தலைக்கும் தோளுக்கும் அடியில் விட்டேன், இன்னொன்றை இடுப்புக்கு அடியில். கை அந்த உலுக்கைக் கேட்டது. அரிப்பெடுத்த இடத்தைச் சொறியச் சொல்கிற மாதிரி விடாமல் கேட்டது. நான் கொடுக்கவில்லை. அப்படியே காத்திருந்தேன். கனத்தைத் துளித்துளியாக வாங்கினேன். உள்ளங்கைக்கு வந்தது. முழங்கைக்கு வந்தது. மெத்தையில் அவள் படுத்திருந்த பள்ளம் மெல்ல நிரம்பியது. போர்வை வழுக்கிக் கீழே விழுந்தது. நான் முழுதாக நிமிர்ந்தபோது கட்டில் கீழே கிடந்தது, அவள் என் நெஞ்சோடு இருந்தாள். இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

“பயந்துக்கிட்டே நிக்காதப்பா, தூக்கு” என்றாள். “எங்கயாவது ஒடஞ்சா, நானே உருண்டு விழுந்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிக்கறேன்.”

வாயைத் திறந்தால் கை ஆடிவிடும். பாத்ரூமைப் பார்த்து நடந்தேன்.