நிழல் விழுந்த படம்

படம் எடுக்க வந்த பெரியாயியை உட்கார வைத்துவிட்டு வலது பக்க விளக்கை அணைத்தபோது, றின்ஸாவுக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. பதுளை டவுனில் ஜுனைதீனின் ஸ்டூடியோவில் ஆறு வருஷமாகப் படிவங்களுக்கான படம் எடுக்கிறவள் அவள். இரண்டு பக்கமும் விளக்கு, பின்னால் வெள்ளைத் திரை, "நேரா பாருங்க." நாளைக்கு முப்பது முகம். ஒன்றையும் அவள் திரும்பப் பார்த்ததில்லை.

போன வருஷம் ஆறு மாத வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெறுங்கையோடு திரும்பினாள். நாற்பது நாள் வீட்டில் இருந்தாள், பிறகு வேலைக்கு வந்துவிட்டாள். அழவில்லை. நல்ல பொறுமைசாலி என்று மாமியார் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பொறுமை ஒன்றுமில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. தொட்டால் வேறு யாருடைய கன்னமோ. சாப்பிட்டாள், தொழுதாள், புருஷன் ஷாஹ்மி கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் படம் எடுக்கும் ஒரு பெண்ணின் பக்கம் கண்ணில் பட்டது. ஏதோ குளிர் நாட்டுக்காரி. மீன் தொழிற்சாலையில் வேலை முடித்து உடுப்பு மாற்றும் பெண்களை ஜன்னலோரம் நிறுத்தி எடுத்திருந்தாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. றின்ஸாவின் கண் அங்கே நின்றது. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பல மாதமாக எதன் மேலும் நிற்காத கண் நின்றது, அவ்வளவுதான். அந்தப் பெண் தன் குரு என்று எழுதியிருந்தவரின் படங்களை றின்ஸா ஃபோனிலேயே தேடிப் போனாள். அவர் சுரங்கத்திலிருந்து ஏறி வரும் ஆட்களை எடுத்தவர். அவரிடமிருந்து இன்னொருவர். பில் துண்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள்: 'வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும். கண்ணுக்குள் அந்த வெளிச்சத்தின் வெள்ளைப் புள்ளி இருக்க வேண்டும்.'

பெரியாயி மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரியும்படி மேடு வெடித்திருந்தது. வேறு இடத்தில் வீடு கொடுப்பதற்காக அரசாங்க அலுவலகத்தில் படத்தோடு படிவம் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். ஒற்றை விளக்கில் அவள் முகத்தின் ஒரு பாதி மட்டும் எழுந்து வந்தது. கண்ணுக்குள் புள்ளி இருந்தது. அந்தப் படத்தை றின்ஸா இரண்டாம் தடவையும் பார்த்தாள்.

புதன்கிழமை ஜுனைதீன் உள்ளே வந்தார்.

"புள்ள, அந்த மடுல்சீமப் பொம்புளட படத்த ஒப்பீஸில எடுக்கல்லயாம். பாதி மொகம் இருட்டாம். படத்துக்குப் பின்னால நம்மட ஸ்டூடியோ முத்திரயப் பாத்து ஃபோன் எடுத்தாங்க. வெள்ளிக்கிழமயோட லிஸ்ட்ட மூடுறாம்."

அவள் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து காட்டினாள்.

"என்னத்துக்கு லைட்ட நூத்த?"

திட்டவில்லை, கேட்டார். றின்ஸா பில் புத்தகத்தைத் திறந்தாள். பெரியாயி தந்திருந்த நம்பர் வேலை செய்யவில்லை.

வியாழக்கிழமை காலை கமராவையும் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பையும் எடுத்துக்கொண்டு றின்ஸா பஸ் ஏறினாள். இறங்கிய இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடை. பனிமூட்டத்தில் பாதை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. லயத்தைக் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது பெரியாயி பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையிலிருந்த கூடையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"வீடு கெடைக்காம போயிருமாங்க, மிஸ்?"

"இல்ல. இப்ப எடுத்தா நாளைக்கி நானே கொண்டு குடுக்கிறேன்."

"நான் எதாச்சும் தப்பா உக்காந்துட்டேனா?"

"இல்ல. நான் வெச்ச வெளிச்சம்தான் பிழ."

விரிப்பை லயத்துச் சுவரில் ஆணி அடித்துக் கட்டினார்கள். பெரியாயி தலையை நனைத்துச் சீவிக்கொண்டு வந்தாள். கமராவுக்குள் பார்த்தபோது றின்ஸாவின் கை சற்று நின்றது. நாடிக்குக் கீழே, மூக்கோரத்தில், எங்குமே நிழல் இல்லை. ஸ்டூடியோவின் இரண்டு விளக்கும் ஒருநாளும் இப்படி ஒரு வெளிச்சம் தந்ததில்லை. கண்ணுக்குள் புள்ளியும் இல்லை. கண் முழுக்கப் பனிமூட்டம் நின்றது.

எடுத்து முடித்ததும் ரொட்டியும் பிளேன்டீயும் வந்தன. றின்ஸா பையிலிருந்து பழைய படத்தின் ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தாள். பெரியாயி அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு செத்த அன்னிக்கு நான் இப்பிடித்தான் குந்தியிருந்தேன்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல." படத்தை முந்தானையில் துடைத்தாள். "ஒங்களுக்குப் புள்ளைங்க?"

"ஒன்டு. தங்கல்ல."

வெளியே யாரிடமும் அதைச் சொன்னதில்லை. சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. பெரியாயி இன்னொரு ரொட்டியை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"எல்லாரையும் எடுக்கிறீங்க. ஒங்கள யாரு எடுப்பா? ஃபோன குடுங்க, எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

மறுநாள் காலை அலுவலகத்தில் கிளார்க் புதுப் படத்தை வாங்கி, படிவத்தில் பசை தடவி ஒட்டி, முத்திரை குத்தினார். லிஸ்டில் பெயர் இருக்கிறது என்றார். வீடு எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

வெளிப்படிக்கட்டில் நின்று றின்ஸா ஃபோனைத் திறந்தாள். பெரியாயி எடுத்த படத்தில் கால் பங்கு பெரியாயியின் விரல். மீதியில் முக்காட்டின் ஓரம், ஒரு கன்னம், ஒரு கண். அந்தக் கண் வாசலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. என்னவென்று ஞாபகமில்லை. கண்ணுக்குள் புள்ளியைத் தேடி இரண்டு விரலால் படத்தை விரித்தாள். படியேறுகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் விரித்தாள். கண் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாம்பல் நிறம்.