களப்பணி: பேராசிரியர்

பேராசிரியருக்கு லிஃப்டில் ஏறவே பயம். கதவு மூடினால் உள்ளங்கை வியர்த்துவிடும். எத்தனை மாடியானாலும் படிதான். அப்பேர்ப்பட்டவர் அன்று காலை, குகைப் பூஞ்சை பற்றிய கட்டுரையில் ‘களப்பணி’ என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டு அனுப்பினார்.

யார் எந்த வேலை செய்தார்கள் என்று ஆய்விதழ் கேட்டிருந்தது. உண்மையில் குகைக்குள் தவழ்ந்து போய்ப் பூஞ்சை அள்ளி வந்தவள் அவருடைய ஆராய்ச்சி மாணவி. ஒல்லிக்குச்சி உடம்பு, ஆய்வகத்தில் எல்லாருக்கும் ‘சுண்டெலி’. பூஞ்சையோடு தீராத இருமலும், இடது முழங்கையில் பாறை கிழித்த தழும்பும் அவளுக்கு மிச்சம்.

அவளுக்கு ‘உதவி’ என்று போட்டார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அனுப்பிய மறுகணம் தொண்டை கரகரத்தது. தண்ணீர் குடித்தார். வாயெல்லாம் ஈர மண் ருசி. இருமல் பிடித்துக்கொண்டது. நகக்கண்களில் கறுப்புச் சேறு. பதறிப்போய்ச் சட்டைக் கையை மடக்கினார். இடது முழங்கையில் நீளமாய் ஒரு தழும்பு.

“யாராவது இருக்கீங்களா?”

‘...கீங்களா... கீங்களா...’ என்று அந்தச் சின்ன அறை எதிரொலித்தது.

கதவைத் திறந்துகொண்டு சுண்டெலி வந்தாள்.

“சார், அதிசயத்தைப் பாருங்க! படியில ஓடி வந்தேன், மூச்சே வாங்கல. தழும்பக்கூட காணோம்!”

சொன்னவளின் பார்வை அவர் முழங்கையில் விழுந்தது. பிறகு கணினித் திரையில்.

“களப்பணி... நீங்களா சார்?”

“கை தவறிடுச்சும்மா! இதோ மாத்திடறேன். உன் உழைப்பாச்சே அது!” இருமிக்கொண்டே தட்டினார்.

அவள் கைபேசி சிணுங்கியது. பெயரை மாற்றச் சம்மதமா என்று ஆய்விதழ் அவளைக் கேட்டது.

விரல் தயங்கியது. உயிரைக் கொடுத்துச் சம்பாதித்த பெயர். ஆழமாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். தடையில்லாமல் உள்ளே போனது.

“குகை வாசல் வரைக்குமாவது வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்?” மறுப்பை அழுத்தினாள். “உங்க பேர்லயே இருக்கட்டும் சார்.”

“அம்மாடி, போகாதேம்மா!”

தன் இன்ஹேலரை மேசையில் வைத்தாள். “தலையைக் குனிஞ்சே போங்க. கூரை ரொம்பத் தாழ்வு.”

கதவு மூடியது. ஜன்னலில் இருந்த வெயில் பொசுக்கென்று அணைந்தது. பேராசிரியர் எழுந்து நிற்கப் பார்த்தார்.

உச்சந்தலையில் பாறை இடித்தது.