குலசிங்கம் வீட்டுச் சைலன்சர்

குலசிங்கத்தைப் பேச விட்டால் போச்சு. அதிலும் வண்டிச் சத்தத்தைப் பற்றிப் பேச விட்டால், கையில் இருக்கும் டீ ஆறி ஆடை கட்டும் வரை நிறுத்த மாட்டார். அரசாங்கப் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஈப்போவில் ஜெலாப்பாங்கை ஒட்டி, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்து வரிசை வீடுகளாகக் கட்டிய தாமானில் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர். போதாதா? யார் சிக்கினாலும் பாடம்தான்.

"எஞ்சினுக்குள்ள ஒவ்வொருக்காப் பெட்ரோல் வெடிக்கேக்கையும் ஒரு சத்த அலை குழாய் வழியா ஓடி வரும். அதை அப்படியே வெளியில விட்டா இடிதான். அதுக்குத்தான் சைலன்சர். உள்ளுக்கச் சின்னச் சின்ன அறைகள் இருக்கு. அலை சுவரில முட்டித் திரும்பும். திரும்புற அலையும் பின்னால வாற அலையும் எதிரெதிரா மோதி ஒண்டை ஒண்டு அழிச்சுப்போடும். மிச்சச் சத்தத்தை உள்ளுக்க அடைச்சிருக்கிற பஞ்சு குடிச்சிடும். விளங்குதோ?"

எல்லோருக்கும் விளங்கிவிடும். விளங்கவில்லை என்று சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார் என்ற பயம். அவர் மனைவி சந்திரமதிக்கு இந்தப் பாடம் மனப்பாடம். அவள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவள். இன்றைக்கும் ஊரில் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர். புருஷன் பேசும்போது எங்கே தலையாட்ட வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

அந்தத் தாமானுக்குப் பின்னால் பழைய தோட்டச் சாலை ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. அதில்தான் சென்ற மாதம் மாரியம்மா விழுந்தாள். கோயில் வாசலில் பூ விற்கிறவள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்தபோது சாலையின் மறுகோடியில் இருக்கும் மலிவு விலை அடுக்குமாடிக்குத் துரத்தப்பட்டவர்களில் ஒருத்தி. பூக்கூடையோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் இடி இடித்த மாதிரி ஒரு வண்டி வந்தது. பயத்தில் ஹேண்டலைத் திருப்பினாள். சைக்கிளோடு சாலையோரக் காங்கிரீட் சாக்கடைக்குள் போனாள். தொடை எலும்பு முறிந்தது. வந்த வண்டி நிற்காமல் போய்விட்டது.

அது எந்த வண்டி என்று சந்திரமதிக்குத் தெரியும். அந்த வண்டிக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள்.

மகன் மிதுலனின் கார். ஈப்போவில் ஒரு வக்கீலிடம் பயிற்சியில் இருக்கிறான். அடுத்த மாதம் கறுப்புக் கோட்டுப் போட்டு வழக்கறிஞராகப் பதியப் போகிறவன். அந்தத் துரை, அப்பாவுக்குத் தெரியாமல் கமுந்திங் வரை போய் ஒரு வேலை செய்துகொண்டு வந்திருந்தான். சைலன்சருக்குப் போகும் குழாயில் பாதி வழியில் ஒரு கிளை. அந்தக் கிளைக்கு ஒரு குட்டிக் கதவு. கையில் வைத்திருக்கும் ரிமோட் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும். புகையும் சத்தமும் சைலன்சர் பக்கமே எட்டிப் பார்க்காமல் அந்த வழியாகப் பீறிட்டு வெளியே வரும். மறுபடி அழுத்தினால் கதவு மூடிக்கொள்ளும். எல்லாம் சைலன்சருக்குள் போய் அடங்கிவிடும். அப்பாவின் காதுக்கு எட்டாத தூரத்தில் புலி. பாலத்தைத் தாண்டித் தாமானுக்குள் நுழைந்தால் பூனை.

அன்றைக்குக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள். சாலை காலியாக இருக்கிறதே என்று கதவைத் திறந்துவிட்டு ஒரு மிதி மிதித்தான். சந்திரமதிக்கு நெஞ்செலும்பே அதிர்ந்தது. சைக்கிள் ஒன்றைக் கடந்தார்கள். பக்கக் கண்ணாடியில் பார்த்தால் சைக்கிள் சக்கரம் மேலே தெரிகிறது, ஆளைக் காணோம். "நிப்பாட்டு!" என்றாள். "தம்பி, நிப்பாட்டடா!" என்றாள். அவன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பாலம் வந்தது, பொத்தானை அழுத்தினான், கார் அடங்கியது. "டின்னருக்கு என்னம்மா?" என்று கேட்டான்.

"இடியாப்பம்," என்றாள் சந்திரமதி.

கார் போன பிறகு அந்த வழியாக வந்து மாரியம்மாவைச் சாக்கடையிலிருந்து தூக்கியவன் தேவன். அதே அடுக்குமாடிக்காரன், தொழிற்சாலையில் வேலை. அவனுடைய மோட்டார் சைக்கிள் எக்சோஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்து ஊரையே எழுப்புகிற சாதி. அந்தச் சத்தத்தைப் பற்றிச் சங்கத்தில் ஏற்கெனவே புகார் இருந்தது. ஆட்கள் ஓடி வந்து பார்த்தபோது சாலையில் நின்றது அவன் ஒருவன்தான், பக்கத்தில் அந்த மோட்டார் சைக்கிள். வேறு சாட்சி எதற்கு? தூக்க நின்றவன் கையில் பழியைக் கொடுத்துவிட்டார்கள். அட, என்ன நியாயமப்பா!

தேவன் லாரி ஓட்டும் லைசென்சுக்கு மனுப் போட்டிருந்தான். போலீஸ் கேஸ் விழுந்தால் அது அவ்வளவுதான். இது சந்திரமதிக்கும் தெரியவந்தது. மிதுலனிடம் போய் நின்றாள்.

"அம்மா, நீங்க வேற லா," என்றான் அவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இடிச்சேனா? தொடக்கூட இல்ல. அவங்களா விழுந்தாங்க. இப்ப நான் போய்ச் சொன்னா கேஸ் ஆயிரும், லாயரா பதியவே விடமாட்டாங்க. பரவாயில்லையா உங்களுக்கு?"

பரவாயில்லை என்று சொல்லும் தாய் எங்கே இருக்கிறாள்? சந்திரமதி வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டதற்காகத் தன்னையே வெறுத்தாள். வெறுத்துக்கொண்டே சமைத்தாள், சாமி கும்பிட்டாள், புருஷனின் பேச்சுக்குத் தலையாட்டினாள்.

குலசிங்கத்துக்கு இது எதுவும் தெரியாது. மனிதர் நியாயத்தைச் செய்துதான் தீருவேன் என்று கிளம்பினார். "நாங்கள் ஒருத்தரையும் கண்ணை மூடிக்கொண்டு குற்றம் சொல்லேலாது. வண்டிகளை எல்லாருக்கும் முன்னால ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம். முதல்ல எங்கட வீட்டுக் கார். பிறகு ஒருத்தரும் எங்களைக் குறை சொல்ல ஏலாது."

ஞாயிற்றுக்கிழமை மாலை, குலசிங்கத்தின் போர்டிகோவில் நாற்காலி போட்டாயிற்று. சங்கத்துச் செயலாளர் முத்துராமன் வந்தார். ஈப்போவில் இரும்புக் கடை வைத்திருக்கும் செட்டியார், வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாத மனிதர். கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். கடைசியாக ஒரு வேன் வந்து நின்றது. காலில் கட்டுப் போட்டிருந்த மாரியம்மாவைத் தேவன் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். "மெதுவாக்கா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான். ஆஸ்பத்திரிக்கும் அவன்தான் கூட்டிப் போகிறானாம். இவள் விழக் காரணம் என்று ஊர் சொல்கிற ஆள்.

குலசிங்கம் தானே மிதுலனின் காரில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். ஒரு சத்தமும் இல்லை.

"ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா ஐயா?" என்று கேட்டார் முத்துராமன். எல்லோரும் சிரித்தார்கள். குலசிங்கத்துக்கு முகமெல்லாம் பூரிப்பு. காரை அணைக்கக்கூட மனமில்லாமல் அப்படியே ஓட விட்டுவிட்டு இறங்கினார். மிதுலன் சுவரில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது தேவன். முன்கூட்டியே கொண்டு வந்து நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை அவன் உதைத்ததும் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி கடகடவென்றது. கமிட்டிக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இந்தச் சத்தம்தானே மாரியம்மா?" என்று கேட்டார் குலசிங்கம்.

"இது இல்லீங்கையா. இது தெனம் கேக்குறதுதான், தேவன் வாரான்னு தெரிஞ்சிரும். அன்னிக்கு வந்தது வேற. வயித்துக்குள்ள போயி இடிச்சிச்சு."

"பயத்தில சின்னச் சத்தமும் பெரிசாத்தான் கேக்கும்."

"ஐயா, எக்சோஸ் ஓட்டைதான், ஒத்துக்கிறேன்," என்றான் தேவன். "ஆனா அக்காவ அந்த லோங்காங் சாக்கடையிலேருந்து தூக்குனதே நான்தான் லா. எனக்கு லைசென்சு டெஸ்டு வருதுங்கையா. கேஸ் மட்டும் வேணாம்."

"இன்னிக்கு விட்டா நாளைக்கு இன்னொருத்தன் வருவான் தம்பி," என்றார் முத்துராமன். "நாளைக்குக் காலையில ஸ்டேசனுக்குப் போயிருவோம். என்ன சொல்றீங்க?" கமிட்டி முழுக்கத் தலையாட்டியது.

சந்திரமதி டீத் தட்டோடு நின்றிருந்தாள். தட்டைக் கொண்டு போய்க் கீழே வைத்தாள். வாசல் செருப்பு அலமாரியின் மேல் தட்டில், பழைய காலுறைகளுக்கு அடியில் மிதுலன் அந்தப் பொத்தானை ஒளித்து வைத்திருந்தான். எடுத்தாள். காரில் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தி, வெறுங்காலால் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தாள்.

போர்டிகோவே கிடுகிடுத்தது. முத்துராமன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். மாரியம்மா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "இதான்! ஐயோ, இதேதாங்க!"

குலசிங்கம் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். பாவம், அவருக்கா தெரியாது? வாழ்நாள் முழுக்க எஞ்சின்களோடு கிடந்தவர். பார்த்த மாத்திரத்தில் கிளைக்குழாயையும் கதவையும் கண்டுகொண்டிருப்பார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. இருந்தும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "சைலன்சர் இப்பத்தான் விட்டுப்போச்சு. துரு. பழுதுதான்."

"பழுதொண்டும் இல்லை," என்றாள் சந்திரமதி. பொத்தானை அழுத்தினாள், கார் அடங்கியது. மறுபடி அழுத்தினாள், உறுமியது. மறுபடியும் அடக்கிவிட்டு இறங்கினாள். "உங்கட மகன்தான் இந்தக் குழாயைப் பூட்டினது. அண்டைக்கு நானும் உள்ளுக்க இருந்தனான். எங்கட காருக்குப் பயந்துதான் மாரியம்மா விழுந்தவ."

"அம்மா!" என்றான் மிதுலன்.

"சந்திரா, நீர் உள்ளுக்குப் போம்," என்றார் குலசிங்கம்.

அவள் போகவில்லை. இப்போது என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் கெட்டான், குடும்ப மானம் போச்சு, போகட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நின்றாள். ஆனால் ஒன்றும் ஆகவில்லை! முத்துராமன் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டார். "நடந்தது நடந்துபோச்சு. வேணும்னேயா செஞ்சாங்க? படிச்ச புள்ள, எதிர்காலம் இருக்கு. போலீசு கீலீசுன்னு எதுக்குங்க? அந்த அம்மாவுக்கு ஏதாச்சும் உதவி பண்ணிடுவோம்." கமிட்டி முன்னைவிட வேகமாகத் தலையாட்டியது. கொஞ்ச நேரத்துக்கு முன் ஸ்டேசனுக்குப் போகக் கிளம்பிய அதே தலைகள்தான். தூ!

குலசிங்கம் தேவன் பக்கம் திரும்பினார். "தம்பி, உம்மில ஒண்டும் இல்லை. நீர் போகலாம்." ஏதோ பெரிய மனது பண்ணி மன்னித்து அனுப்புகிற மாதிரி சொன்னார். சொன்னதோடு விட்டாரா? "ஆனா அந்த எக்சோஸை மாத்திப்போடும்."

தேவன் வேன்காரனைக் கூப்பிடக் கேட் பக்கம் போனான். சந்திரமதி மாரியம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மாரியம்மாவே தொடங்கினாள்.

"நீங்களும் கார்ல இருந்தீங்களா டீச்சரம்மா?"

"ஓம்."

"நான் விழுந்தத பாத்தீங்களா?"

"கண்ணாடியில பாத்தனான்."

"நிறுத்தச் சொல்லலியா?"

"சொன்னனான் மாரியம்மா. சாமி சத்தியமாச் சொன்னனான். அந்தச் சத்தத்தில அவனுக்குக் கேக்கேல்லை."

மாரியம்மா காரைப் பார்த்தாள். இன்னும் அணைக்காமல்தான் நின்றது. ஓடுகிறதா இல்லையா என்று தெரியாத அமைதி. அவள் குரலில் கோபமே இல்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டாள்.

"பட்டன அமுக்குனா சத்தம் நின்னுருதே டீச்சரம்மா. அதுக்கப்புறம் சொல்லியிருக்கலாமே?"

தேவன் வந்து குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டான். சந்திரமதி அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். வேன் கிளம்பிப் போன பிறகுதான் எழுந்து போய்க் காரை அணைத்தாள்.