எலியேசர் வீட்டில் இருக்கிறார்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முடிச்சூரில் நான் போகும் சபையில் ஒரு ஞாயிறு காலை, திருமண நாள் காண்கிறவர்களைக் குருவானவர் முன்னால் அழைத்தார். எனக்கு முன்பெஞ்சிலிருந்த ஓர் அம்மாள் தனியாக எழுந்து போனார். நான் பார்த்தது அவ்வளவே. மீதியெல்லாம் என் கைச்சரக்கு. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் விஷயம் தெரிந்திருக்கும், கதை போயிருக்கும்.

2

ஒரு தொடக்கம்: "ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் டெபோரா, அறுபத்திரண்டாம் வயதில் தாம்பரத்துச் சபைகளுக்கெல்லாம் மார்க் போடக் கிளம்பினாள்."

(டெபோரா வேண்டாம். சாராள் என்று வைத்தால்தான் தலையில் முக்காடு நிற்கிறது.)

இன்னொன்று: "கணவர் எலியேசர் போன பிறகு சாராள் கீழ்க்கட்டளை வீட்டைக் காலி செய்துவிட்டு, முடிச்சூரில் மகள் ஜென்சியோடு வந்து இருந்தாள். பழைய சபைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவளுக்கோ முட்டிவலி. அதனால்"

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முட்டிவலி என்பது சாராள் ஊருக்குச் சொன்ன சப்பைக்கட்டு. நானும் அதையே எழுதிவிட்டு நிமிர்ந்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. உண்மைக் காரணம் நான்காம் பகுதியில் வருகிறது.

3

ஜென்சிக்கு ஞாயிறும் டியூட்டி. ஆகவே எதிர்த் தெருக் குப்பனின் ஆட்டோ.

"இன்னாம்மா, இந்த வாரம் எந்தக் கோயிலு?"

"பொழிச்சலூர்ப் பக்கம் ஒண்ணு சொல்றாங்கப்பா."

"எல்லாத்துலயும் ஒரே சாமிதானே கீது? இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?"

"சாமி ஒண்ணுதான் குப்பா. பாட்டு ஒண்ணா இருக்கா?"

பொழிச்சலூர்ச் சபையில் விமானம் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் பிரசங்கியார் திறந்த வாயோடு நிற்பார். சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். சாராளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் புதிதாக வந்தவர்கள் எழுந்து, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். அவள் பேர் மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். நோட்டில் பத்துக்கு ஆறு.

மேற்குத் தாம்பரத்தில் பெரிய சபை. பாடகர் குழு தேன். அவள் உட்கார்ந்த இடத்தில் மட்டும் ஒரு கைப்பை வந்து இறங்கியது. "ஆன்ட்டி, இது எங்க ஃபேமிலி பெஞ்ச்." நான்கு.

ஃபர்னிச்சர் கடை மாடியில் ஒரு சபை. ஏசி. பாட்டு வரிகள் திரையில் ஓடின. எல்லோரும் கை குலுக்கினார்கள், யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தரை. அந்த அரை, கழிப்பறைக்கு.

(இந்தச் சபைகளைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். நான் கட்டியவை, அஸ்திவாரம் கிடையாது.)

4

கீழ்க்கட்டளைச் சபையில் எலியேசர் இருபத்தொன்பது வருடம் பாடகர் குழுவில் பாடினார். கனத்த குரல். எந்தப் பாட்டானாலும் அரைத் தாளம் பின்னால் வருவார். பிரசங்கத்துக்குச் சாராளின் பக்கத்தில் வந்து உட்கார்வார்; அது நீண்டால் அவள் முழங்கையை இடித்து, "மூணாவது பாயின்ட் வந்துடுச்சு, டீச்சர். இன்னும் பத்து நிமிஷம்" என்பார். ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு அவர்கள் திருமண நாள் வாரம். இருவரும் பலிபீடத்தின் முன் போய் முழங்கால் போடுவார்கள். அவர் முட்டி சொடுக்கும் சத்தம் பின்பெஞ்சு வரைக்கும் கேட்கும். குழந்தைகள் அதற்கென்றே காத்திருந்து சிரிக்கும். எழும்போது ஒவ்வொரு வருடமும் ஒரே பேச்சுதான். "இன்னொரு வருஷம் தள்ளியாச்சு."

அந்த ஞாயிறுகளை நினைத்தால் சாராளுக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

போன வருடம் பிப்ரவரியில் அவர் போனார். ஆகஸ்ட் வந்தது. வாராந்திரத் தாளில் திருமண நாள் பட்டியல் அச்சாகியிருந்தது. வழக்கமாக அவர்கள் பெயருக்கு மேலும் கீழும் வரும் இரண்டு ஜோடிகளும் இப்போது அடுத்தடுத்து இருந்தார்கள். நடுவில் எதுவுமில்லை. அச்சிட்டவர் மேல் தவறில்லை; எல்லாச் சபையிலும் அப்படித்தான். யார் மேலும் தப்புச் சொல்ல முடியாமல் போனதுதான் சாராளுக்குத் தாங்கவில்லை. அடுத்த வாரம் முட்டிவலி என்றாள்.

5

முடிச்சூர்ச் சபை சின்னது. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளம் ஏறிய மட்டம், எத்தனை தடவை வெள்ளையடித்தும், சுவரில் மங்கலாகத் தெரியும். இங்கே பட்டியல் எதுவும் கிடையாது. திருமண நாள் வந்தவர்கள் தாங்களே எழுந்து போக வேண்டும். சபை முழுக்கவே அரைத் தாளம் பின்னால் பாடியது. பாதி ஆராதனையில் சாராள் நோட்டில் ஒன்பது போட்டாள்.

அது ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு. பென்னி ஐயர், சின்ன வயசுக் குருவானவர், திருமண நாள் காண்கிறவர்களை அழைத்தார். சாராள் யோசிக்கவில்லை. கால் பழக்கத்தில் எழுந்துவிட்டது. முன்னால் போய் முழங்கால் போட்ட பிறகுதான் பக்கத்தில் ஆள் இல்லை என்பது உறைத்தது.

ஐயர் குனிந்தார். "ஐயா வரலையாம்மா?"

('அவர் தவறிட்டாருங்க ஐயா.' இதை நான் அவளுக்காக எழுதி வைத்திருந்தேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். அவள் வாயில் வாங்கிக்கொள்ளவே இல்லை.)

"இருமல் ஐயா. வீட்ல இருக்காரு."

"பேரும்மா?"

"எலியேசர். நான் சாராள்."

எலியேசரையும் சாராளையும் இணைத்த ஆண்டவர் இருவருக்கும் சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தர வேண்டும் என்று ஐயர் ஜெபித்தார். சபை ஆமென் என்றது. ஒன்றரை வருடமாக அந்த இரண்டு பெயரையும் யாரும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. சாராளுக்குக் கண்ணீர் கொட்டியது. அது சந்தோஷத்தில் வந்த கண்ணீர்தான், நான் மழுப்பப்போவதில்லை.

(கதைக்காக அந்த மனிதரைச் சாகடித்தவன் நான். பிழைக்க வைத்தவள் அவள். இதில் யார் செய்தது பாவம் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

வெளியே பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா ஒருவர் குப்பனுக்கு டீ கொடுத்தபடி விசாரித்தார். "ஐயாவுக்கு ரொம்ப முடியலையாப்பா?"

குப்பன் ஒரு கணம் சாராளின் முகத்தைப் பார்த்தான். "வூட்ல கீறாரும்மா. நல்லா கீறாரு."

ஆட்டோவில் சாராள் கேட்டாள். "நீ எதுக்குப்பா பொய் சொன்ன?"

"போட்டோல கீறாருல்ல? அது வூட்லதானே மாட்டிகீது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிக்கல் மறு வாரம் வந்தது. "ரெண்டு பேருக்கும் சேர்த்து, பழைய சபைல டிரான்ஸ்பர் லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா. மெம்பராச் சேர்த்துடலாம்" என்றார் ஐயர். சாராள் எழுதிக் கேட்டாள். கடிதமும் வந்தது: 'காலஞ்சென்ற எலியேசரின் மனைவி திருமதி சாராள்.' அதைக் கொடுக்காமல் அந்தச் சபையில் சேர முடியாது. கொடுத்தால் எலியேசர் இன்னொரு தடவை சாவார். அவள் பலிபீடத்தின் முன்னால் பொய் சொன்னவள் ஆவாள்.

6

முடிவுகள்.

அ. ஐயரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். அவர் மன்னித்து ஜெபிக்கிறார். (எழுதிப் பார்த்தேன். ஐயர் முதல் வரியிலேயே புரிந்துகொண்டார். இவ்வளவு நல்லவர் கதைக்கு ஆகமாட்டார்.)

ஆ. ஃபர்னிச்சர் கடை மாடிக்கே போய்விடுகிறாள். அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஞாயிறுதோறும் குளிரக் குளிர

(நிறுத்திவிட்டேன். பாவம் அவள்.)

இ. கடிதத்தை மறைத்து வைத்துக்கொண்டு வந்து போகிறாள். இருமல் ஆஸ்துமாவாகிறது, ஆஸ்துமா படுக்கையாகிறது. ஒருநாள் பெண்கள் சங்கம் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஜெபிக்கக் கிளம்புகிறது. கதவைத் திறப்பது ஜென்சி. (சிரிக்கலாம்தான். அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.)

7

எனக்கு இதற்கு மேல் தெரியவில்லை. நீங்கள் வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, எட்டு இருபத்தெட்டு. இடப்பக்கம் நான்காவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாராள் வருகிறாள், கடிதம் கைப்பையில். நீங்கள் நகர்ந்து இடம் கொடுக்கிறீர்கள். அவள் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்து, உங்களைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறாள். இந்தச் சபையில் விஷயம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அது அவளுக்குத் தெரியாது.

'ஐயா வரலையாம்மா?' என்று நீங்கள் கேட்டால், எலியேசர் இன்னும் ஒரு வாரம் இருமலோடு உயிரோடு இருப்பார். கேட்காமல் 'அவரு எப்படிப் பாடுவாரும்மா?' என்று ஆரம்பித்தால், அவள் இறந்தகாலத்தில் பதில் சொல்லிவிடக்கூடும். முதல் தடவையாக, ஒருவரிடமாவது.

மணியடிக்க இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. அவள் உங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏதாவது பேசுங்கள்.