இரண்டாவது மிதி

பிரேக் மிதி கெட்டியாக இருக்கிறது என்று என் மனைவி சபிஹா சொன்னது போன ஆகஸ்டில்.

"மொத தடவ எறங்குது. ரெண்டாவது தடவ கல்லு மாதிரி நிக்கிது."

மறுநாள் காலை காரை எடுத்து ஏரிக்கரை வரை ஓட்டிப் பார்த்தேன். மிதி சரியாக இறங்கியது. உன் காலில்தான் தெம்பில்லை, ஒழுங்காகச் சாப்பிடு என்றேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

நவம்பரில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துப் படியில் விழுந்தாள். முதுகுத்தண்டில் கட்டி. கால் பலவீனம் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். இந்த மாதம்தான் என்றேன். மூன்று மாதம் முன்னால் தெரிந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார். பிப்ரவரியில் அடக்கம் செய்தோம்.

அன்றிலிருந்து அவள் அம்மா ரோஷன் பீவி என்னிடம் பேசுவதில்லை. பிரேக்கை மிதிக்க முடியவில்லை என்று மகள் ஆகஸ்டிலேயே சொன்னாளாம், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். என் கேள்வியும் அதுதான். மிதி கெட்டியா, கால் பலவீனமா? மிதியில் கோளாறு இல்லையென்றால், அது நோயின் முதல் அறிகுறி. தவறவிட்டது நான்.

கார் ஆறு மாதமாக எங்கள் கடைக்குப் பின்னால் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. இரண்டே இருக்கை, இருபத்தாறு வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஊரைவிட்டுப் போன ஒருவரிடம் சபிஹா பிடிவாதம் பிடித்து வாங்கியது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே தார்ப்பாயை எடுத்தேன்.

புது பேட்டரி போட்டேன். நாலு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். எந்தச் சக்கரத்திலும் பிரேக் இறுகிப் பிடித்திருக்கவில்லை. அடுத்தது பூஸ்டர். இன்ஜின் உறிஞ்சும் காற்றின் பலத்தால் மிதியை இலகுவாக்குவது அதுதான். இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்து முறை மிதித்தேன். மிதி இறுகியது. காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தேன். மிதி தானாகக் கீழே இறங்கியது. பூஸ்டர் வேலை செய்கிறது.

அப்படியானால் கால்தான்.

வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு மணியைப் பார்த்தேன். காலை ஏழு. ஆகஸ்டிலும் நான் பார்த்தது காலையில்தான். அவள் சொன்னது பள்ளி விட்டு வந்த பிறகு.

அன்று மூன்றரை மணிக்கு வில்லியனூரில் அந்தப் பள்ளி வாசலிலிருந்து கிளம்பினேன். அவள் வரும் நேரம், அவள் வரும் சாலை. மெதுவாக ஓட்டினேன். ஒரு கை ஹேண்ட் பிரேக்கின் மேல். கரிக்கலாம்பாக்கம் வரை ஒன்றுமில்லை. பாகூர் ஏரிக்கரையில் ஆடுகள் குறுக்கே வந்தன. மிதித்தேன், இறங்கியது. மறுபடி மிதித்தேன். செங்கல்லை மிதித்தது போல நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். ஆடுகள் போன பிறகும் அங்கேயே நின்றேன்.

எங்களுடையது பம்புசெட் சாமான் கடை. வாசலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டபடி பானெட்டைத் திறந்தேன். குருவிநத்தத்தில் கரும்பு போடும் வீரமணி ஏதோ வாங்க வந்தவர், தலையை நீட்டினார்.

"இன்னா ஆசிக் பாய், ரெண்டு பேரு குந்தற வண்டிக்கு இம்மாம் ரோதனையா?"

 பூஸ்டருக்குப் போகும் டியூபை அவர் கவனித்துவிட்டார். இது உன் கடைச் சரக்காச்சே என்றார்.

ஆமாம். போன ஜூலையில் பழைய டியூப் வெடித்திருந்தது. ஒரிஜினல் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கடைச் சுருளிலிருந்து ஓர் அடி வெட்டி நானே மாட்டினேன். அளவு கச்சிதமாக இருந்தது.

"டெலிவரி டியூப சக்சனுக்கு மாட்டிக்கீறியே பாய். போன வாரம் நான் கேட்டப்ப, வாய் ஒட்டிக்கும், வாணாம்னு சொன்னது யாரு?"

நான்தான். தண்ணீரைத் தள்ளும் பக்கம் இந்த டியூப் போதும், உறிஞ்சும் பக்கம் போட்டால் ஒட்டிக்கொள்ளும். தினமும் யாருக்காவது சொல்கிறேன்.

குனிந்து பார்த்தேன். இன்ஜின் சூட்டில் டியூப் இளகி, நடுவில் தட்டையாக ஒட்டிக் கிடந்தது. பூஸ்டரில் மிச்சமிருக்கும் பலம் ஒரு மிதிக்குத்தான் வரும். இன்ஜினை நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் டியூப் ஆறி, மெல்ல உருண்டு பழைய வடிவத்துக்கு வந்தது. காலையில் பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியாது.

இதை யார் ஓட்டினார்கள் என்று வீரமணி கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

டியூபைக் கழற்றினேன். இந்த முறை கடையிலிருந்து எதையும் மாட்டவில்லை. ஒரிஜினலுக்குப் போனில் சொல்லிவிட்டு, கழற்றிய டியூபோடு பைக்கில் அரியாங்குப்பம் போனேன்.

ரோஷன் பீவி கதவைத் திறந்தார், வா என்று சொல்லவில்லை. சபிஹாவின் காலில் அப்போது ஒன்றுமில்லை, நான் எதையும் தவறவிடவில்லை என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"அவ சொன்னது சரி மாமி. மிதி கெட்டியாதான் இருந்திச்சி. நான் நம்பல. இந்த டியூப மாட்டுனதும் நான்தான்."

அவர் டியூபை வாங்கிப் பார்த்தார்.

"இத வச்சிகினா தெனம் வந்தா?"

"மூணு மாசம்."

இரண்டு விரலால் அதை அழுத்தினார். மடங்கவில்லை.

"கெட்டியாதான கீது."

"சூடானாதான் மாமி ஒட்டிக்கும்."

அவர் டியூபைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை.

நான் செருப்பைக் கழற்றினேன்.