குளவியும் காகிதச் சுருளும்

டிரினிடாடின் சான் ஃபெர்னாண்டோ மைதானத்தில் பாடுவதென்றால் பெரிய பெரிய பாடகர்களே தயங்குவார்கள். பாட்டுப் பிடிக்கவில்லை என்றால் அந்த ஊர்க்காரர்கள் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டிலிருந்தே கொண்டுவந்த கழிவறைக் காகிதச் சுருளைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுவார்கள். அதன் பிறகு அந்த ஆள் அடுத்த வருஷத்துக் கார்னிவல் திருவிழா வரை வெளியே தலைகாட்ட முடியாது.

யூலாலி பான்டினுக்கு அறுபத்து மூன்று வயது. மேடைப் பெயர் குளவி. அவளுடைய 'கொஞ்சம் ஒடுங்கிக்கோ' வெளிவந்து முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. நெரிசலான வேனில் காலை அகட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பக்கத்துச் சீட்டுக்காரி விளாசுகிற பாட்டு. டிரினிடாடில் அது ஒலிக்காத கல்யாணம் கிடையாது. செத்தவரின் ஆசைப்படி ஒன்றிரண்டு சாவு வீட்டில்கூடப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் பாடிய நாற்பது பாட்டில் ஒன்றும் நிற்கவில்லை. யாராவது பரிதாபப்பட்டால், "ஒண்ணு உருப்பட்டாப் போதாதா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

இந்த வருஷம் அவள் அந்த மைதானத்தில் பாட வேண்டிய அன்று மதியம் மேடைக்குப் பின்னால் ஏற்பாட்டாளர் ஃபிட்ஸ்ராய் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஞாயித்துக்கிழமை பெரிய மேடையில உங்க பாட்டை அந்தச் சின்ன வயசுப் பாடகன் கெர்வின் பாடட்டுமே. இப்ப அவனுக்குத்தான் கூட்டம். நீங்க பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து கையைக் காட்டுங்க, போதும்."

"நான் என்ன இங்கிலாந்து ராணியா, உக்காந்து கைகாட்ட?"

"தொண்டை பழைய மாதிரி இல்லையேக்கா."

"இன்னிக்கு இந்த ஊர்க்காரங்க முன்னால பாடறேன். விரட்டிட்டாங்கன்னா பாட்டு கெர்வினுக்கு, நானே தூக்கிக் கொடுத்துடறேன். இன்னொரு தடவை பாடுன்னு கேட்டாங்கன்னா ஞாயித்துக்கிழமை நான்தான். சரியா?"

சரி என்றான். அவனுக்கென்ன, எப்படிப் போனாலும் லாபம்.

வாத்தியக்காரர்கள் பார்த்து வாசிக்கும் ஸ்வரக் குறிப்பு நோட்டுக் காகிதங்களை அங்கே பாடகர்தான் கொண்டுவர வேண்டும். பத்து வருஷமாகவே யூலாலி சுருதியைக் குறைத்துத்தான் பாடுகிறாள். அந்தக் குறைந்த சுருதிக்கு எழுதிய காகிதங்கள் நீல ஃபைலில் இருந்தன. காலையில் சிவப்பு உடுப்பும் சிவப்புச் செருப்பும் போட்டுக் கண்ணாடியில் அழகு பார்த்தவள், பொருத்தமாக இருக்கட்டுமென்று சிவப்பு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதில் இருந்தது இருபத்தொன்பது வயதுக் குரலுக்கு எழுதியது.

ட்ரம்பெட் முழங்கியதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. முதல் அடிகளை எப்படியோ ஒப்பேற்றினாள். பல்லவியில் உச்சிக்கு ஏறும்போது குரல் பாதியில் உடைந்தது. முன்வரிசையில் ஒரு பருத்த பெண் சுருளைத் தூக்கினாள். பிறகு பத்துப் பேர். பிறகு மைதானமே வெள்ளையாகிவிட்டது.

பாட்டு கைவிட்டுப் போகிறதே என்று யூலாலி நிஜமாகவே பயந்தாள். அடுத்த நொடி கோபம் வந்தது. அவளுக்குக் குளவி என்று பேர் வந்ததே அந்தக் கோபத்தால்தான். கையை உயர்த்தி வாத்தியங்களை நிறுத்தினாள்.

"கார்ல்டன், தப்பு என்னோடதுதான்," என்று வாத்தியக் குழுத் தலைவரிடம் மைக்கிலேயே சொன்னாள். "செருப்புக்குப் பொருத்தமா ஃபைல் எடுத்துட்டு வந்துட்டேன். நோட்டை மூடு. நான் பாடற இடத்துக்கு நீ இறங்கி வா."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. அவள் மேடை விளிம்புக்கு வந்து பருத்த பெண்ணிடம் கை நீட்டினாள். "அதை இப்படிக் கொடு தாயி, வேர்க்குது."

அந்தப் பெண் திகைத்துப்போய்ச் சுருளைக் கொடுத்தாள். யூலாலி ஒரு முழம் கிழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளம் தொடங்கியதும் அங்கேயே கட்டிப் பாடினாள்:

"காகிதம் தூக்கின சீமாட்டி, கொஞ்சம் கேளடி,
உன் கல்யாணத்துல நீ ஆடினது யார் பாட்டுக்கடி?
தொண்டை கொஞ்சம் இறங்கிப்போச்சு, நாக்கு இறங்கலே,
எத்தனை கார்னிவல் போனாலும் குளவி உறங்கலே!"

"கைசோ! கைசோ!" என்று மைதானம் அலறியது. அந்த நாட்டில் ஒரு பாடகருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பருத்த பெண் தொடையைத் தட்டிக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். பல்லவியைக் கூட்டமே பாடியது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

இறங்கி வந்தபோது ஃபிட்ஸ்ராய் தண்ணீர் பாட்டிலோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ஞாயித்துக்கிழமை நீங்கதான்க்கா! கெர்வினை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

"எதுக்கு? வரட்டும், பின்பாட்டுப் பாடட்டும். அந்த நாற்காலியையும் போட்டு வை."

"நாற்காலி யாருக்குக்கா?"

"உனக்குத்தான். உக்காந்து கைகாட்ட ஒரு ஆள் வேணுமில்ல?"